கெட்டுப்போன கணினியில் கெடாமல் இருப்பது எது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, ஐந்து ஆண்டுகளாக ஒரு மடிக்கணினியைப் பயன்படுத்தி வருகிறேன். அண்மையில் அதன் திரையில் ஒரு மூலை விரிசல் விட்டுவிட்டது. விசைப்பலகையிலும் நான்கைந்து விசைகள் வேலை செய்வதில்லை. மற்றபடி இயந்திரத்தில் குறை ஒன்றும் இல்லை. இதே மாடலில் ஒரு பழைய கணினி, 'ஆன் ஆகவில்லை, பாகங்களுக்கு மட்டும்' என்ற குறிப்போடு விற்பனைக்கு வந்திருக்கிறது. திரையையும் விசைப்பலகையையும் சோதித்துப் பார்த்த பழைய பாகங்களாகத் தனித்தனியே வாங்கினால் ஆகும் செலவில் முக்கால் பங்குதான் அந்த முழுக் கணினியின் விலை. விற்பவரைக் கேட்டால், 'ஒரு நாள் திடீரென்று நின்றுவிட்டது, உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்' என்கிறார். வாங்கலாமா?

பதில்: 'திடீரென்று நின்றுவிட்டது' என்பது அந்தக் கணினி கெட்ட விதத்தைச் சொல்கிறதே தவிர, கெட்ட காரணத்தைச் சொல்லவில்லை. உங்களுக்கு வேண்டியதோ காரணம்தான். பாகங்களுக்காக ஒரு பழுதான கணினியை வாங்கும்போது, அதில் கெடாமல் எஞ்சியிருப்பவற்றுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். எவை எஞ்சியிருக்கும் என்பது, அது எதனால் கெட்டது என்பதைப் பொறுத்தே அமையும். பழைய கணினி விற்பவர்களில் பெரும்பாலோர் இதே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை, பலருக்கு உண்மையிலேயே அதற்குமேல் எதுவும் தெரியாது.

உங்களுக்கு வேண்டியவை திரையும் விசைப்பலகையும். அந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு காரணங்களை எண்ணிப் பாருங்கள். தண்ணீரோ வேறு பானமோ கொட்டிக் கெட்டிருந்தால், அது முதலில் நனைத்தது விசைப்பலகையைத்தான். அதன் வழியாகக் கசிந்துதான் கீழே இருக்கும் மதர்போர்டை அடைந்திருக்கும். போர்டே போய்விட்ட பிறகு விசைப்பலகை மட்டும் தப்பித்திருக்கும் என்று நம்ப இடமில்லை. கீழே விழுந்து கெட்டிருந்தால் சந்தேகம் திரையின் மீது திரும்பும். கண்ணாடி உடையாமல் இருந்தாலும், திரையை ஓட்டும் மெல்லிய மின்சுற்றுப் பட்டையில் அடி பட்டிருக்கலாம். சார்ஜரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் பகுதியில் ஒரு மின்தேக்கியோ, மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் வைக்கும் மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகிப் போர்டு நின்றிருந்தால், உங்களுக்கு அது நல்ல செய்தி. அத்தகைய பழுதில் திரை, விசைப்பலகை, ரேம், ஒலிபெருக்கி, வெப்கேம் ஆகியவை பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், ஏனெனில், 3.3 வோல்ட்டோ 5 வோல்ட்டோ போக வேண்டிய வழியில் சார்ஜரின் 19 வோல்ட் அப்படியே நுழைந்துவிட்டால், அந்த வழியில் இருக்கும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி உள்ளிட்டவையும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே, விலையைப் பேசுவதற்கு முன் பின்மூடியைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பத்து நிமிடம் போதும். விசைப்பலகையிலிருந்து வரும் தட்டை நாடா போர்டில் செருகப்பட்டிருக்கும் இடத்தைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். அந்த இணைப்பியைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. அதற்குமேல் பார்க்க ஒன்றும் இல்லை, மூடியை மாட்டிவிட்டு வந்துவிடலாம். திருகாணிகளின் தலை தேய்ந்திருப்பதும், இரண்டொரு திருகாணி குறைவதும் வேறொரு கதையைச் சொல்லும்: யாரோ ஏற்கெனவே திறந்து சரிசெய்ய முயன்றிருக்கிறார்கள், அந்த முயற்சியில் எந்த நாடா கிழிந்தது, எந்தப் பாகம் வெளியே போனது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

அந்த மாடல் யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் வகை என்றால், இடையில் மாட்டும் சிறிய வோல்ட் மீட்டர் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள போர்டு சார்ஜருடன் பேசி, 5 வோல்ட்டிலிருந்து தனக்குத் தேவையான உயர்ந்த அளவுக்கு, பெரும்பாலும் 20 வோல்ட்டுக்கு, ஏற்றிக்கொள்ளும். மீட்டர் 5 வோல்ட்டிலேயே நின்று ஆம்பியரும் எழாமல் இருந்தால், பழுது மின்சாரம் நுழையும் பகுதியிலேயே இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். மீட்டர் 20 வோல்ட்டைக் காட்டி, விசிறியும் சுற்றி, திரை மட்டும் இருட்டாக இருந்தால் விழித்துக்கொள்ளுங்கள்: கெட்டது நீங்கள் வாங்கப் போகும் திரையாகவே இருக்கக்கூடும். அப்போது ஒரு டார்ச் விளக்கைச் சாய்வாகத் திரையில் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் திரையின் பின்னொளியோ அதற்கு மின்சாரம் தரும் சுற்றோ போயிருக்கிறது.

திரையைச் சோதிக்க உறுதியான வழி, உங்கள் கணினியையும் உடன் எடுத்துச் சென்று, அவருடைய திரையை உங்கள் கணினியின் கேபிளில் மாட்டிப் பார்ப்பதுதான். இதைச் செய்வதானால் ஒன்றை மறக்காதீர்கள்: சார்ஜரைப் பிடுங்குவது மட்டும் போதாது, உள்ளே இருக்கும் பேட்டரியின் இணைப்பையும் கழற்றிய பிறகே திரையின் கேபிளைத் தொட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அந்தக் கேபிளைச் சாய்வாகச் செருகினால், பின்னொளிக்கான கடுகு அளவு ஃபியூஸ் உங்கள் போர்டில் எரிந்துவிடும். நல்ல கணினியும் அந்த நொடியில் பழுதான கணினியாகிவிடும்.

'இதே மாடல்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூடியில் அச்சிட்டிருக்கும் பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரே பெயரில் வந்த கணினிகளில் சிலவற்றுக்கு 30 ஊசி இணைப்பு கொண்ட திரையும், தொடுதிரையோ அதிவேகத் திரையோ உள்ளவற்றுக்கு 40 ஊசி இணைப்பும் இருப்பது வழக்கம். திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள பாக எண்ணை இரண்டு கணினிகளிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் வேறுபட்டாலும் ஊசிகளின் எண்ணிக்கை, திரையின் அளவு, பிக்சல் அளவு, திருகாணி மாட்டும் காதுகள் ஆகிய நான்கும் ஒத்துப்போனால் பெரும்பாலும் வேலை செய்யும்.

இப்போது விலைக்கு வருவோம். முக்கால் பங்கு விலையில் கிடைப்பதால் கால் பங்கு லாபம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால், அந்தப் பாகங்கள் கெட்டிருந்தால் கொடுத்த முக்கால் பங்கும் போய், முழு விலைக்கு மீண்டும் வெளியே வாங்க வேண்டியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாகங்கள் கெட்டிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றை எட்டினாலே உங்கள் லாபம் மறைந்துவிடுகிறது. திறந்தே பார்க்காத, காரணம் தெரியாத ஒரு கணினிக்கு நான்கில் மூன்று நல்வாய்ப்பை யாரும் தர மாட்டார்கள். 'ரேம் இருக்கிறது, எஸ்எஸ்டி இருக்கிறது, சார்ஜர் இருக்கிறது' என்று விற்பவர் கூட்டிக்கொண்டே போவார். உங்களுக்குத் தேவைப்படாத பாகத்துக்கு உங்கள் கணக்கில் மதிப்பு பூச்சியம். அதை விற்றுக் காசாக்கலாம் என்று எண்ணுவீர்கள். அப்படி எண்ணி நான் எடுத்துவைத்த பாகங்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இன்னும் என் மேசைக்கடியில் இருக்கின்றன.

ஆனாலும் உங்கள் நிலையில் இந்த வாங்கலுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் விசைப்பலகை தனியாகக் கழற்றும்படி இருப்பதில்லை. கைவைக்கும் மேல்தட்டின் அடியில் பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கி அதைப் பொருத்தியிருப்பார்கள். அதை மாற்ற வேண்டுமானால் பேட்டரி, விசிறி, போர்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். எப்படியும் போர்டை வெளியே எடுக்கப் போகிறோம் என்றால், அவருடைய திரையையும் விசைப்பலகையையும் உங்கள் கணினியின் உடலுக்குக் கொண்டுவருவதைவிட, உங்கள் போர்டை அவருடைய கணினியின் உடலுக்குள் வைத்துவிடுவது எளிது. திரை, கீல், மேல்தட்டு, டச்பேட் எல்லாம் ஒருங்கே கிடைத்துவிடும். திரையை அது ஒட்டப்பட்டிருக்கும் மேல்மூடியிலிருந்து உரித்தெடுக்கும் ஆபத்தான வேலையும் மிச்சம். விண்டோஸ் உரிமம் போர்டோடு இணைந்தது என்பதால் அதுவும் உங்களுடனேயே வந்துவிடும். கைரேகையை மட்டும் புதிதாகப் பதிய வேண்டியிருக்கலாம். கீல்கள் தளர்ந்து ஐந்தாண்டு தேய்ந்த உங்கள் கணினிக்கு இது ஒரு மறுபிறவி.

ஆகவே என் பதில்: மூடியைத் திறந்து பார்க்க விட்டால், உள்ளே ஈரத்தின் அடையாளம் இல்லையென்றால், திரையை உங்கள் கேபிளில் மாட்டி எரிய வைத்துக் காட்ட முடிந்தால், முக்கால் பங்கு விலைக்கும் வாங்கலாம். திறக்க விடமாட்டேன் என்றால் கால் பங்குக்குமேல் கொடுக்காதீர்கள். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் தனித்தனியாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அலுவலகம் ஒன்றிலிருந்து கழித்துப்போட்ட, உயிரில்லாத மேசைக்கணினி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதன் செயலியையும் ரேமையும், மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் எடுத்து, நான் உதிரி பாகங்களாகச் சேர்த்து அமைத்த கணினியில் போட்டுக்கொள்ள விரும்புகிறேன். கவனிக்க வேண்டியவை எவை?

பதில்: எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் மறந்துவிடுங்கள். நிறுவனப் பெயரோடு வரும் மேசைக்கணினிகள் பலவற்றில் அதன் வடிவமும் இணைப்பியும் அந்த நிறுவனத்துக்கே உரியவை. வழக்கமான 24 ஊசி இணைப்பியை எதிர்பார்த்துப் போனால் ஆறோ எட்டோ ஊசிகள்தான் இருக்கும். பொருந்தினாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயிரில்லாத கணினியில் முதல் குற்றவாளி பெரும்பாலும் அதுதான். அதைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் பல நூறு வோல்ட் தங்கியிருக்கலாம்.

ரேமில் ஏமாறுவது எளிது, ஏமாறாமல் இருப்பதும் எளிது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய ரேம் தலைமுறைகளின் விளிம்பில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமராது. மேசைக்கணினிக்கான டிடிஆர்3-க்கு 240 ஊசிகள், டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288 ஊசிகள். எண்ணிக்கை ஒன்றாக இருப்பதைக் கண்டு கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்னொரு கண்ணி, சர்வர்களுக்கும் சில உயர்ரகப் பணிநிலையங்களுக்கும் உரிய 'ரெஜிஸ்டர்டு' ரேம். வெட்டும் ஊசியும் ஒத்திருந்தாலும் சாதாரணப் போர்டில் அது உயிர் பெறாது. அதன் சீட்டில் வேகத்தைக் குறிக்கும் எண்ணை ஒட்டியோ, ஒரு கோட்டுக்குப் பின்னோ 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 'யு' என்றிருந்தால் அச்சமில்லை. அளவுக்கு மீறிய மலிவு விலையில் பெருங்கொள்ளளவு ரேம் கிடைக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இந்த ஓர் எழுத்துதான்.

செயலியில், அது போர்டில் அமரும் சாக்கெட்டின் பெயர் பொருந்துவது மட்டும் போதாது. இன்டெலின் எல்ஜிஏ1151 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 2015-இல் அந்தச் சாக்கெட்டோடு ஆறாம் தலைமுறைச் செயலிகள் வந்தன, 2017-இன் இறுதியில் வந்த எட்டாம் தலைமுறையும் அதே எண்ணிக்கை ஊசிகள் கொண்ட சாக்கெட்டோடுதான் வந்தது, ஆனால் பழைய போர்டுகளில் அதற்கு ஆதரவு தரப்படவில்லை. செயலியின் முழு எண்ணையும் உங்கள் போர்டைத் தயாரித்தவர் வெளியிட்டிருக்கும் பட்டியலில் தேடிப் பார்த்து, போர்டைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏஎம்டி செயலிகளில் வேறொரு சிக்கல் உண்டு. அலுவலகங்களுக்கென விற்கப்படும் ரைசன் புரோ வகையிலும் சர்வர் வகையிலும் சிலவற்றை, முதன்முதலில் பொருத்திய நிறுவனத்தின் போர்டுகளில் மட்டுமே இயங்கும்படி நிரந்தரமாகப் பூட்டிவிடும் வசதி இருக்கிறது. பூட்டப்பட்ட செயலியை வெளித்தோற்றத்தால் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட செயலி என்றால், வேறு போர்டில் ஓட்டிக் காட்டாதவரை வாங்காதீர்கள்.

கழற்றும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் நானே ஒருமுறை அடிபட்டேன். உங்களுடையதைப் போன்ற ஓர் உயிரில்லாத கணினியை அதன் ஏஎம்4 (ஏஎம்டியின் ஒரு சாக்கெட் வகை) செயலிக்காக மட்டுமே வாங்கினேன். ஊசிகள் சாக்கெட்டில் அல்லாமல் செயலியின் அடியிலேயே இருக்கும் வகை அது. மொத்தம் 1331 ஊசிகள். மேலே இருந்த கூலரின் திருகாணிகளைக் கழற்றிவிட்டு நேராக மேலே தூக்கினேன். இடையில் பூசியிருந்த வெப்பப் பசை காய்ந்து சிமெண்ட் போல ஆகியிருந்ததால், சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருக்கும்போதே செயலியும் கூலரோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கிவந்தது. ஒரு மூலையில் பதினொரு ஊசிகள் படுத்துவிட்டன. ஓடும் கணினியில் சிறிது நேரம் சூடேற்றிவிட்டுக் கழற்றினால் பசை இளகும். உயிரில்லாத கணினியில் அதற்கு வழியில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. தலைமுடி உலர்த்தும் கருவியால் கூலரின் அடியைச் சூடாக்கி, தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பசையை விடுவித்திருக்க வேண்டும். பிறகு, குச்சி போடாத 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலின் முனையை ஒவ்வொரு ஊசியின் மீதும் உறைபோல மாட்டி, ஒரு மாலைப்பொழுது முழுவதும் நிமிர்த்தினேன். செயலி பிழைத்துக்கொண்டது. இன்டெல் போர்டுகளிலும் 2022-இல் வந்த ஏஎம்5-இலும் ஊசிகள் சாக்கெட்டில் இருப்பதால் செயலிக்கு இந்த ஆபத்து குறைவு.

அதையெல்லாம் செய்வதற்குமுன், அந்தக் கணினி உண்மையிலேயே உயிரற்றதுதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரேமைக் கழற்றி அதன் தங்கநிற ஊசிகளை மென்மையான அழிப்பானால் துடைத்து மீண்டும் மாட்டுவதும், நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை மாற்றுவதும் சில நிமிட வேலை. கழித்துப்போடப்பட்ட அலுவலகக் கணினிகளில் சில இதற்கே எழுந்து உட்கார்ந்துவிடும்; அப்போது பாகங்களைப் பிரிப்பதா, முழுக் கணினியாகவே வைத்துக்கொள்வதா என்ற இனிய சிக்கல் வரும்.

கேள்வி: நான் வாங்கிய பழுதான மடிக்கணினியில் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கிறது, முந்தைய உரிமையாளரின் கோப்புகளும் அப்படியே இருக்கின்றன. அந்த டிஸ்க்கை நான் பயன்படுத்தலாமா? பேட்டரியும் சற்று உப்பியது போல் தெரிகிறது.

பதில்: கோப்புகளைத் திறந்து பார்க்காதீர்கள். விற்றவரிடம் சொல்லி, அவருக்கு வேண்டியவை உண்டா என்று கேட்டுவிட்டு, டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழித்துவிடுங்கள். வெறும் குவிக் ஃபார்மேட் செய்தால் போதாது. பயன்படுத்துவதற்குமுன் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்புகளைப் பாருங்கள். இவை பழுதான பகுதிகளைக் குறிப்பவை. மூன்றும் பூச்சியமாக இருந்தால், மறுபிரதி இருக்கும் கோப்புகளை வைக்க அதைப் பயன்படுத்தலாம். பூச்சியம் இல்லையென்றால் வேண்டாம்.

டிஸ்க்குக்குக் கடவுச்சொல் பூட்டு இருந்தாலோ, பயாஸ் திறக்கும்போதே கடவுச்சொல் கேட்டாலோ, விற்றவரால் அதைத் திறந்துகாட்ட முடியாவிட்டாலோ, அந்தக் கணினி அவருடையதுதானா என்ற கேள்வி எழுகிறது. 2020 இறுதியில் எம்1 சில்லு வந்த பிறகான ஆப்பிள் மடிக்கணினிகளில் இது இன்னும் கடுமையானது: ரேம் செயலியோடு ஒரே தொகுப்பிலும் சேமிப்பகம் போர்டிலும் பற்றவைக்கப்பட்டிருப்பதால், உரிமையாளரின் கணக்கோடு பூட்டப்பட்ட ஒரு போர்டிலிருந்து நீங்கள் கழற்றி எடுத்துக்கொள்ள அநேகமாக எதுவுமே இருக்காது.

உப்பிய பேட்டரியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை விட முயலாதீர்கள். இணைப்பைக் கழற்றி, திருகாணிகளை எடுத்து, ஒட்டியிருந்தால் உலோகக் கருவியால் நெம்பாமல் பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல விடுவித்து, எரியும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, மின்கழிவு எடுத்துக்கொள்ளும் இடத்தில் 'உப்பியது' என்று சொல்லியே கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால், குப்பை வண்டியில் நசுங்கும்போது தீப்பற்றும். பேட்டரியை எடுத்த பிறகு டச்பேட் சரியாக அழுந்துகிறதா என்றும் பாருங்கள்; அடியிலிருந்து உப்பிய பேட்டரி அதை மேலே தள்ளி வளைத்திருந்தால், நீங்கள் எடுத்துவைக்க எண்ணியிருக்கும் பாகங்களில் அதுவும் ஒன்று குறைந்துவிடும்.